குறைமாதக் குழந்தையின் உணவு



பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று தாயைப் போற்றுவது நம் வழக்கு. அந்தப் பத்து மாதம் நிறையுமுன்னரே சில குழந்தைகள் உலகுக்கு வந்துவிடுகின்றன. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி 37 வாரங்கள் நிறைவதற்குள் பிறக்கும் மகவைக் குறைமாதக் குழந்தை என்று மருத்துவ நூலார் வகுத்துள்ளனர். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்று உலக சுகாதார நிறுவனம் முதலியவை கணக்கிட்டிருக்கின்றன. அவற்றுள் ஏறத்தாழ 30 லட்சம் நம் பாரத நாட்டிலேயே பிறந்தவை. ஆகவே இஃது எங்கோ ஒரு வீட்டில் நிகழும் அரிய செய்தி அன்று. நம் தெருவிலும் நம் உறவிலும் நிகழ்வது.

பிறந்த மண்ணை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் முறை. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தி, ஊருக்கு அனுப்ப ரயிலில் இடமும் பதிவு செய்து வைத்திருப்போம். பயண நாள் வருமுன் குழந்தை வந்துவிடுகிறது. பெற்ற தாய் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறாள். மருத்துவமனையில் பேசப்படும் மொழியோ பாதிதான் புரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கையளவு குழந்தை கிடக்கிறது. அதன் மூக்கிலோ வாயிலோ ஒரு குழாய். “குழந்தைக்கு என்ன கொடுக்கிறார்கள்? ஏன் தாயிடம் விடவில்லை?” என்று வெளியே நின்று தவிக்கிறோம். அந்தத் தவிப்புக்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தாய் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களில் நிகழ்வது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தோலுக்கடியில் கொழுப்பு திரள்வதும், ஈரலில் இரும்புச் சத்து சேர்வதும், எலும்பில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரமும் படிவதும் பெரும்பாலும் அக்காலத்தில்தான். முழு மாதக் குழந்தையின் உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இம்மூன்று மாதங்களிலேயே சேர்கிறது. குறைமாதக் குழந்தை இந்தச் சேமிப்பைப் பெறாமலே பிறந்துவிடுகிறது. கையிருப்பு இல்லை, செலவோ மிகுதி. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கலோரி உணவு போதும். இச்சிறு மகவுக்கோ கிலோவுக்கு 115 முதல் 140 கலோரி வரை வேண்டும்.

தேவை இவ்வளவு பெரிதாயினும் உணவை ஏற்கும் கருவிகள் இன்னும் முற்றுப்பெறவில்லை. பால் குடிப்பது எளிய செயல் என்று நாம் எண்ணுகிறோம். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் என்னும் மூன்றும் தாளம் தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தாலன்றிப் பால் குடிக்க இயலாது. இவ்வொழுங்கு கருவின் 34ஆம் வாரமளவில்தான் நன்கு அமைகிறது. அதற்குமுன் வாயிற் பால் வார்த்தால் அது மூச்சுக் குழலுட் புகுந்துவிடலாம். ஆகவேதான் மெல்லிய குழாய் ஒன்றை வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைக்குள் செலுத்திப் பால் விடுகின்றனர். அந்தக் குழாய் தண்டனை அன்று. குழந்தை கற்க வேண்டிய வித்தையைக் கற்கும் வரையில் நாம் இட்டுத் தரும் பாலம்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். 30 வாரத்தில் 1,200 கிராம் எடையுடன் ஒரு குழந்தை பிறந்ததென்று வைத்துக்கொள்வோம். முதல் நாளிலே கிலோவுக்கு 20 மில்லி வீதம் தாய்ப்பால் தொடங்கினால் நாளைக்கு 24 மில்லி ஆகும். இரண்டு மணிக்கு ஒரு முறையாகப் பன்னிரண்டு வேளைக்குப் பகிர்ந்தால் வேளைக்கு 2 மில்லி. ஒரு தேக்கரண்டியில் பாதி கூட இல்லை! “இவ்வளவுதானா?” என்று பாட்டிமார் கலங்குவர். ஆயின் இந்தத் துளிகள் வயிற்றை நிரப்புவதற்காக அல்ல, குடலை விழிக்கச் செய்வதற்காகவே தரப்படுகின்றன. பால் படாத குடல் மெலிந்து, நோய்க் கிருமிகளுக்கு எளிதில் இடம் கொடுக்கும்.

மிகச் சிறிய குழந்தைகளுக்கு, எஞ்சிய உணவு நாளத்தின் வழியே செல்கிறது. சர்க்கரை, புரதக் கூறுகள், கொழுப்பு, உப்புகள் ஆகிய யாவற்றையும் இரத்தத்திலேயே செலுத்தி ஒரு சிசுவை வளர்க்கலாம் என்பதை வில்மோர், டட்ரிக் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 1968இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினர். அது பல உயிர்களைக் காத்த முறை. எனினும் நாளத்துக் குழாயின் வழியே கிருமி புகுதலும், நெடுநாள் தொடர்ந்தால் ஈரலில் பித்தம் தேங்குதலும் அதன் குறைகள். ஆகவே பால் ஏற ஏற, நாளத்து உணவைக் குறைத்து நிறுத்திவிடுகின்றனர்.

பாலை எவ்வளவு விரைவாக ஏற்றலாம்? விரைந்து ஏற்றினால் குடல் நோய் வரும் என்று முன்னர் அஞ்சினர். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நிகழ்ந்து 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்று, நாளுக்குக் கிலோவுக்கு 18 மில்லி ஏற்றியதற்கும் 30 மில்லி ஏற்றியதற்கும் இடையே அத்தகைய தீங்கில் வேறுபாடு காணவில்லை. நம் உதாரணக் குழந்தைக்கு நாள்தோறும் 36 மில்லி வரை கூட்டினால் ஐந்தாறு நாட்களில் 180 மில்லியை, அதாவது கிலோவுக்கு 150 மில்லி என்னும் அளவை எட்டலாம். குழந்தை ஏற்றுக்கொள்ளும் தன்மையைப் பார்த்து மருத்துவர் இதனைக் கூட்டவும் குறைக்கவும் செய்வர்.

முதல் வாரத்தில் எடை குறைவதைக் கண்டு மனந்தளர வேண்டா. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை குறைந்து, இரண்டு வார அளவில் பிறந்த எடை திரும்பும். அதன்பின் நாளுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் ஏறினால் வளர்ச்சி செவ்வையாக நடைபெறுகிறது என்று கொள்ளலாம்.

இனி எந்தப் பால் என்பது வினா. தாய்ப்பாலே முதன்மையானது என்பதில் ஐயமில்லை. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதற் சில வாரங்களுக்குப் புரதம் சற்று மிகுதியாக இருப்பது இயற்கையின் விந்தை. நோய் எதிர்க்கும் பொருள்களும் அதில் நிறைந்துள்ளன. ஆயினும் 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 67 கலோரிதான் உண்டு. கிலோவுக்கு 150 மில்லி கொடுத்தாலும் நூறு கலோரியே கிடைக்கும். எனவே 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தாய்ப்பாலிலேயே புரதம், சுண்ணாம்பு, பாஸ்பரம் அடங்கிய செறிவூட்டும் பொடியைக் கலந்து கொடுப்பது உண்டு. “தாய்ப்பாலில் ஏன் கலப்படம்?” என்று ஐயுற வேண்டா. அப்பொடி இல்லையேல் சில குழந்தைகளின் எலும்பு வலுவிழந்து, எளிதில் முறியும் நிலையும் ஏற்படலாம்.

பெட்டியில் கிடக்கும் குழந்தைக்குத் தாய் என்ன செய்ய முடியும் என்று கேட்போர் பலர். பிறரால் செய்ய இயலாத ஒன்றை அவளே செய்ய முடியும். பிரசவமான சில மணி நேரத்திற்குள்ளே கையாலோ கருவியாலோ பாலைப் பீய்ச்சத் தொடங்க வேண்டும். பகலும் இரவுமாக நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பீய்ச்ச வேண்டும். முதல் இரண்டு நாட்களில் சில துளிகளே வரும். அம்மஞ்சட் சீம்பாலைக் கொட்டிவிடலாகாது. குழந்தைக்கு அதுவே முதற் காப்பு. பீய்ச்சாமல் விட்ட மார்பில் பால் சுரப்பது குறைந்துவிடும். குழந்தை குடிக்கத் தக்க நிலை அடையும்போது பால் இல்லாமற் போவது, முதல் வாரத்தின் கவனக் குறைவால் நேரும் துயரம்.

பீய்ச்சுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. கொதிநீரில் தூய்மை செய்த மூடியுள்ள எஃகுக் கிண்ணத்தில் பாலைப் பிடித்து, பெயரும் நாளும் மணியும் எழுதி வைக்க. வெளியில் நான்கு மணி நேரமும், குளிர்ப்பெட்டியில் 24 மணி நேரமும் அது கெடாது. அதனைக் காய்ச்சுதல் கூடாது. வெதுவெதுப்பான நீரில் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். பத்தியம் என்று தாயின் உணவையும் நீரையும் குறைப்பது தகாது. தீட்டு என்று அவளைக் குழந்தையிடமிருந்து விலக்கி வைப்பதும் தகாது.

தாய் நோயுற்றுப் பால் தர இயலாதபோது, பிற தாய்மார் ஈந்த பால் உண்டு. 1989ஆம் ஆண்டில் மும்பை சயானிலுள்ள லோகமான்ய திலகர் நகராட்சி மருத்துவமனையில், டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அம்மையாரின் முயற்சியால் தாய்ப்பால் வங்கி ஒன்று நிறுவப்பெற்றது. ஆசியாக் கண்டத்திலேயே முதலாவது என்று அதனைக் கூறுவர். நம் தமிழ் மக்கள் திரளாக வாழும் தாராவிக்கு அடுத்தே அம்மருத்துவமனை இருப்பது நாம் நினைவிற் கொள்ளத் தக்கது. ஈந்த தாயை நோய்களுக்காகச் சோதித்து, பாலை 62.5 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, உறைய வைத்துக் காக்கின்றனர். இத்தகைய வங்கிகளுக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2017இல் வெளியிட்டது. பிறர் பால் என்று கூச வேண்டா. பசுவின் பாலோ கழுதைப் பாலோ இதற்கு ஈடாகா. டப்பாப் பாலை மருத்துவர் சொன்னாலன்றி நாமாகத் தொடங்குதல் கூடாது. அதனை விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் தடுத்துள்ளது.

இவ்வளவு விழிப்பாக இருந்தும் சில இடர்கள் வருவதுண்டு. இரைப்பையிற் சிறிது பால் தங்குவதும், குழந்தை கொஞ்சம் கக்குவதும் பெரும்பாலும் பருவம் முற்றாமையால் வருபவை. அவை தாமே நீங்கும். அஞ்சத் தக்கது குடலின் சுவரே அழியும் நோய். ‘நெக்ரோடைசிங் என்டரோகொலைடிஸ்’ என்பது அதன் மருத்துவப் பெயர். நலமாகப் பால் ஏற்றுக்கொண்டிருந்த குழந்தை, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வாரங்களில், திடீரெனச் சோர்கிறது. வயிறு உப்புகிறது, பச்சை நிறமாகக் கக்குகிறது, மலத்தில் இரத்தம் தோன்றுகிறது, மூச்சு இடையிடையே நிற்கிறது. உடனே பாலை நிறுத்தி, வயிற்றுக் காற்றை வெளியேற்றி, நாளத்தின் வழியே உணவும் கிருமிக்கொல்லி மருந்தும் தருகின்றனர். குடலில் துளை விழுந்தால் அறுவையும் வேண்டியிருக்கும். உயிரைப் பறிக்கக் கூடிய நோய் இது.

“பச்சைக் குழந்தையைப் பட்டினி போடுகிறார்களே!” என்று அவ்வேளையில் செவிலியரோடு சினந்து பேசுவோர் உண்டு. பாலை நிறுத்தியது பட்டினி போடுவதற்கன்று, புண்பட்ட குடலுக்கு ஓய்வு தருவதற்கே என்பதை நாம் உணர வேண்டும். தாய் அந்நாட்களிலும் பீய்ச்சுவதை நிறுத்தலாகாது. குடல் தேறியதும் முதலில் தேடப்படுவது அவளுடைய பாலே. இந்நோய் டப்பாப் பால் உண்ணும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது என்பது பல ஆய்வுகளின் முடிவு. அன்று பீய்ச்சிய சில துளிச் சீம்பாலின் மதிப்பு இப்போது விளங்கும்.

இங்கே நம் பெரியோருக்குப் பணிவுடன் ஒரு சொல். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைத்தல் நம் பழக்கம். தேனோ சர்க்கரை நீரோ நாவில் தடவுவோம். வடநாட்டில் ‘குட்டி’ என்னும் மருந்துக் கலவையைத் தருவர். அன்பால் வந்த வழக்கங்களே இவை. ஆயினும் குறைமாதக் குழந்தையின் குடலுக்கு அந்த ஒரு விரல் தேனும் ஆபத்தாகலாம். ஒரு வயது நிறையுமுன் எந்தக் குழந்தைக்கும் தேன் ஆகாது. ஆசி கூற வாயும், தடவிக் கொடுக்கத் தூய கையும் இருக்க, சேனை எதற்கு?

பெரியோர் தரக்கூடிய நல்ல பொருள் ஒன்று நம் வீட்டிலேயே உள்ளது. பாலாடை என்றும், பாலடை என்றும், சங்கு என்றும் நாம் வழங்கும் அந்த மூக்கு வைத்த சிறு கிண்ணத்தையே கூறுகிறோம். நம் பாட்டிமார் கையிலிருந்த அக்கருவி, இன்று நாட்டின் பல மாநிலங்களிலும் பச்சிளங் குழந்தைப் பிரிவுகளிற் புழங்குகிறது. மருத்துவக் கையேடுகளிலும் அப்பெயரே வழங்குகிறது. குழாயிலிருந்து மார்புக்குச் செல்லும் வழியில், 32 முதல் 34 வாரம் வரையுள்ள குழந்தைக்குப் பாலாடையால் மெல்ல மெல்லப் புகட்டுகின்றனர். பால்புட்டியைப் போல் அழுக்குத் தங்கும் இடுக்கு அதில் இல்லை. எளிதில் கொதிக்க வைத்துத் தூய்மை செய்யலாம். மொழி புரியாத ஊரில், செவிலி ‘பாலாடை’ என்னும்போது ஒரு சொல்லேனும் நம் சொல்லாகச் செவியில் விழும். ‘மா கா தூத்’ என்று இந்தியில் கூறுவாராயின் தாய்ப்பாலைக் கேட்கிறார் என்று அறிக.

உணவோடு பிரியாத இன்னொன்று வெப்பம். குளிர்ந்த குழந்தை உண்ட உணவையெல்லாம் உடலைச் சூடாக்கவே செலவிடும். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் மருத்துவர் எட்கர் ரே, பெட்டிகள் போதாமையால் தாயின் மார்பையே பெட்டியாக்கினார். குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் தோலோடு தோல் பொருந்த நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டும் இதனைக் கங்காரு முறை என்பர். பிறந்தவுடனேயே இதைத் தொடங்கலாமா என்பதை உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஆய்ந்தது. இந்தியாவில் அந்த ஆய்வு நிகழ்ந்த இடம் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை. 1,000 கிராம் முதல் 1,800 கிராமுக்குள் எடையிருந்த குழந்தைகளில், உடல்நிலை சீரானபின் தொடங்கியோருள் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 15.7, உடனே தொடங்கியோருள் 12. முடிவு 2021இல் வெளியாயிற்று. தாயின் மார்பில் இருக்கும் குழந்தை பாலின் மணத்தை அறிகிறது. தாய்க்கும் பால் பெருகுகிறது. தாய் ஓய்வெடுக்கும்போது தந்தையும் பாட்டியும் அவ்வாறே சுமக்கலாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கு வங்கத்துப் புருலியாவில் 2003இல் தொடங்கிய சிறப்புப் பச்சிளங் குழந்தைப் பிரிவு, பின்னர் நாடெங்கும் மாவட்ட மருத்துவமனைகளுக்கு முன்மாதிரியாயிற்று. நோயுற்ற சிசுவுக்கு அரசு மருத்துவமனைகளில் மருந்தும் பரிசோதனையும் போக்குவரத்தும் கட்டணமின்றிக் கிடைக்க மத்திய அரசின் திட்டம் ஒன்று 2011இல் வகுக்கப்பட்டது. ‘ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம்’ என்பது அதன் பெயர். இப்பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

குழந்தை குழாயின்றிப் பால் அருந்தி, நாள்தோறும் எடை ஏறி, சூட்டைக் காத்துக்கொள்ளும் நிலை வந்ததும் வீட்டுக்கு அனுப்புவர். உடனே ஊருக்குப் புறப்பட மனம் துடிக்கும். இரண்டு இரவு ரயிற் பயணம், கூட்டம், குளிர்ந்த காற்று, இருமும் அயலார் இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவர் இசைவு தரும் வரையில் பொறுப்பதே அறிவு. குழந்தையை ஊருக்குக் கொண்டு செல்வதைவிட ஊரிலிருந்து பாட்டியை வரவழைப்பது எளிது. செல்லத்தான் வேண்டுமெனில் மருத்துவமனை தந்த குறிப்புத் தாளைக் கைவிடாது எடுத்துச் சென்று, வழி முழுதும் மார்போடு அணைத்து வைக்க.

வீட்டில் இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒரு முறை எழுப்பியேனும் பால் கொடுக்க வேண்டும்; இக்குழந்தைகள் பசித்து அழாமலே உறங்கிவிடும். இரும்புச் சத்துத் துளியும் ‘டி’ உயிர்ச்சத்தும் மருத்துவர் சொன்ன அளவில் சொன்ன காலம் வரை தருக. வாரம் ஒரு முறை எடை பார்க்க. முன்போலப் பால் குடியாமை, வயிறு உப்புதல், பச்சையாகக் கக்குதல், கை கால் குளிர்தல், மூச்சு வாங்குதல், நீலம் பாய்தல் இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திராது மருத்துவமனைக்கு ஓடுக. அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதையும் விடுக. இரண்டு மாதம் முன்னர் வந்த குழந்தையின் வளர்ச்சியை, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணிப் பார்ப்பதே முறை.

நேயர்களே, வேளைக்கு 2 மில்லியில் தொடங்கிய உணவு இது. அந்த 2 மில்லியைப் பீய்ச்சித் தர ஒரு தாய் நள்ளிரவில் எழுகிறாள். அவளுக்கு வேளைக்குச் சோறு கொண்டு செல்பவர் ஒருவர் வேண்டும். செவிலி கூறுவதைத் தமிழில் எடுத்துச் சொல்பவர் ஒருவர் வேண்டும். வீட்டிலுள்ள மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் வேண்டும். தாய்வீடு தொலைவில் உள்ள ஊரில் அடுத்த வீட்டுத் தமிழரே தாய்வீடு. நம் குடியிருப்பில் இத்தகைய தாய் ஒருத்தி இருந்தால், நாளைக் காலை அவள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்போமாக.